பயறளவு

கச்சான் அடிக்கத் தொடங்கிப் பதினோராம் நாள்.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குப் பின்னால்
முந்தி கட்டில் விரிப்புகள் அடுக்கிய அறையில்
சேர்வர் இருக்கிறது.
ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு
ஒரு சிவப்பு வாளி.

இன்றைக்கு மட்டும் மூன்று தரம் தானாக அணைந்ததாம்.
ஜெசீமா இரத்த முடிவுகளைக்
கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள்,
ஒவ்வொன்றையும் இரண்டு தரம்.
எத்தனை மணிக்குச் சரிவரும் என்று
அவள் கேட்கவில்லை. அதுதான் கூடக் கஷ்டம்.

சூட்டுக் கணக்கைப் பார்த்தேன்.
ஒரு கோர் அறுபத்தெட்டு, பக்கத்தது எண்பத்தொன்று,
அதற்கடுத்தது தொண்ணூற்றாறு.
கன்னியாவில் கிணற்றுக்குக் கிணறு
வாளி மாற்றி ஊற்றிக்கொள்ளும்போதும் இப்படித்தான்,
ஒரு முழம் தள்ளினால் வேறு சூடு.
அங்கே அதைப் பழுது என்று யாரும் சொல்வதில்லை.

வயர் இரண்டையும் கழற்றினேன்.
உள்ளே மிச்சமிருந்ததும் போகட்டும் என்று
பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன்.
மூடியைத் திறந்தால்
ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையில்
கடல்.
வேறெப்படிச் சொல்ல?
வெள்ளைப் பொருக்கு, ஈரத்தூசி, ஒரு சிலந்தியின் பாதி வேலை,
யாரோ ஜன்னலைத் திறந்துவைத்த பின்னேரங்கள் எல்லாம்.

நாலு திருகாணி. மூலைக்கு எதிர்மூலை,
கால் சுற்று, கால் சுற்று.
கழன்ற பிறகும் வரவில்லை,
காய்ந்த பசை விடவில்லை.
இடமும் வலமுமாக முறுக்கினேன்,
பிள்ளையின் கையிலிருந்து
கத்தரிக்கோலை வாங்குவதுபோல.
வந்தது. சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
நெம்பை நிமிர்த்திப் பழைய புரொசெசரைத் தூக்கினேன்.
ஒரு மூலை நழுவித் திரும்ப உள்ளே விழுந்தது.
அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

டோர்ச் அடித்தேன்.
ஆயிரக்கணக்கில் ஊசிக்கால்கள்
காற்றுக்குச் சாய்ந்த நெல்லாய் ஒரு பக்கம் பார்க்க,
மூன்றாம் வரிசையில் ஒன்று மட்டும்
வேறெங்கோ பார்க்கிறது.

கொழும்புக்கு அடித்தால்
போர்ட்டையே மாற்றவேண்டும் என்பார்கள், பதினெட்டு நாள்.
அடிக்கவில்லை.
ஆறாம் வார்டில் போய் இன்சுலின் ஊசி ஒன்று கேட்டேன்.
"யாருக்கு?" என்றார் தாதி மல்காந்தி.
புத்தகத்தில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

டோர்ச்சை ஜெசீமா பிடித்தாள்.
என் நெற்றி வியர்வை உள்ளே விழாமல்
தன் கைலேஞ்சியால் ஒற்றினாள்.
என்ன நடந்தது என்று இதையும் கேட்கவில்லை.
நானும் மூச்சு விடவில்லை.

முக்கோணத்துக்கு நேரே முக்கோணம்.
புதியதை அழுத்தக் கூடாது,
தன் பாரத்தில் இறங்கவேண்டும்.
நடுவில் பயறளவு பசை.
மழமழவென்ற இரண்டு உலோகங்கள்;
ஆனாலும் சாம்பல் நிறச் சேறு இல்லாமல்
ஒன்றின் சூடு மற்றதற்குப் போகாது.
புதிய ஹீட் சிங்க்.
மூலைக்கு எதிர்மூலை, கால் சுற்று.

விசிறிகள் கப்பலாய்க் கத்தி அடங்கின.
திரை கறுப்பு.
இன்னும் கறுப்பு.
பிறகு எழுத்து வந்தது.
சூடு நாற்பத்தொன்று. மெமரி
நூற்றிருபத்தெட்டில் தொண்ணூற்றாறு.
அந்தக் கால் முழுதாக நிமிரவில்லை.
"ஓடும்" என்றேன்.
முதல் தாள் வெளியே வந்தது:
ஆண், அறுபத்தொன்று, பொட்டாசியம் நாலு தசம் மூன்று.
யாரோ. நல்லாயிருக்கட்டும்.

பதிவேட்டில் எழுதினேன்:
புரொசெசர் மாற்றப்பட்டது. ஹீட் சிங்க் மாற்றப்பட்டது.
பேனையை மூடி, திரும்பத் திறந்து:
கால் ஒன்று வளைந்தது, என்னால்.

வெளியே மூன்றே முக்கால்.
பூட்டிய கொத்துக்கடை வாசலில் படுத்திருந்த மான் ஒன்று
எழும்பி வந்தது, என்னிடம் ஏதோ இருக்கிறதென்று.
இருந்தது பழைய ஹீட் சிங்க்தான்.
மோந்தது. தகடுகளின் உப்பை
நிதானமாக நக்கத் தொடங்கியது.
பசை இருந்த பக்கத்தை
உள்ளங்கையால் மூடிக்கொண்டு
நின்றேன்.